மரபணு திருத்திய கால்நடைக்கு அனுமதி: விலங்கின் பக்கம் நின்று கோப்பைப் படிக்க ஒரு வழிகாட்டி

கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் மூன்று வகைக் கறிக்கோழிக் குஞ்சுகளை ஒரே மாதிரிச் சூழலில், ஒரே தீவனம் போட்டு வளர்த்துப் பார்த்தார்கள். ஒரு வகை 1957ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதை யாரும் மேம்படுத்தாமல் அப்படியே காப்பாற்றி வைத்திருந்தார்கள். இன்னொன்று 1978ஆம் ஆண்டுக் கோழி. மூன்றாவது, 2005இல் சந்தையில் இருந்த பிராய்லர். 56ஆம் நாள் எடை போட்டபோது முதல் வகை 905 கிராம், இரண்டாவது 1,808 கிராம், மூன்றாவது 4,202 கிராம். 2014இல் வெளியான ஆய்வு இது.

நாலரை மடங்குக்கும் மேல். இதற்காக எந்த ஆய்வகத்திலும் யாரும் மரபணுவில் கைவைக்கவில்லை. சீக்கிரம் வளர்கிற சேவலையும் கோழியையும் பொறுக்கி இணை சேர்த்தார்கள், அவற்றின் குஞ்சுகளில் மறுபடி பொறுக்கினார்கள், அவ்வளவுதான். பல்லடம் பக்கம் கறிக்கோழிக் கொட்டகைக்குள் கடைசி வாரத்தில் போய்ப் பார்த்தவர்களுக்கு இதன் விலையை விளக்க வேண்டியதில்லை. நாலு அடி நடந்ததும் உட்கார்ந்துவிடும் கோழிகள் இருக்கும். சதை வளர்ந்த வேகத்துக்குக் காலும் இதயமும் ஈடுகொடுப்பதில்லை.

இப்போது கிறிஸ்பர் போன்ற மரபணுக் கத்தரிகள் வந்துவிட்டன. பன்றி, மாடு, ஆடு, கோழி, மீன் என ஒவ்வொன்றாக அனுமதி கேட்டு வருகின்றன. நீங்கள் கால்நடை மருத்துவம் படிப்பவராகவோ, விவசாயப் பக்கத்துக்கு எழுதும் நிருபராகவோ, விலங்கு நல அமைப்பில் புதிதாகச் சேர்ந்தவராகவோ இருக்கலாம். அப்படி ஒரு அனுமதிக் கோப்போ செய்தியோ கைக்கு வந்தால் எங்கிருந்து தொடங்குவது என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தக் கத்தரியால் வெட்டினார்கள் என்பதிலேயே சட்டங்கள் பாதி நேரத்தைச் செலவழிக்கின்றன. பிறக்கும் கன்றுக்கு அது தெரியப்போவதில்லை. அது அறுவை இல்லாமல் பிறக்குமா, நடக்குமா, வயிறாரத் தின்ன விடுவார்களா, எவ்வளவு இடத்தில் அடைபடும் என்பவைதான் அதன் கேள்விகள். நம்முடையவையும் அவையாகவே இருக்கட்டும்.

1. என்ன மாற்றினார்கள், யாருக்காக?

அறிவிப்பின் முதல் பத்தியில் எப்போதும் ஒரு நல்ல காரணம் இருக்கும். அதைத் தனியாக எடுத்து எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் பக்கத்தில் இன்னொரு வரி: இதனால் லாபம் யாருக்கு, விலங்குக்கா, பண்ணைக்கா, இரண்டுக்குமா?

சில மாற்றங்களில் இருவர் பங்கும் இருக்கிறது. பன்றிகளைத் தாக்கும் பி.ஆர்.ஆர்.எஸ். என்ற வைரஸ் குட்டிகளுக்கு மூச்சுத்திணறலையும் சினைப்பன்றிகளுக்குக் கருச்சிதைவையும் கொண்டுவரும். அந்த வைரஸ் செல்லுக்குள் நுழையும் கதவு சிடி163 என்ற புரதம். அந்தக் கதவை அடைத்த பன்றிகளுக்கு அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2025 ஏப்ரல் 30 அன்று அனுமதி கொடுத்தது. நோய் வராமல் இருப்பது பன்றிக்கும் நல்லதுதான், மறுக்க முடியாது. கொம்பு முளைக்காத மாட்டை உருவாக்கினால், கன்றுக்குக் கொம்புக்குருத்தைச் சுட வேண்டியதில்லை. குட்டை முடி கொண்ட மாடு வெயிலைத் தாங்கும். அதற்கு 2022 மார்ச்சில் அமெரிக்காவில் பச்சைக்கொடி காட்டினார்கள்.

முட்டைக்கோழிப் பண்ணைகளின் பழைய அவலம் ஒன்று உண்டு. முட்டையும் இடாது, கறிக்கும் வேகமாக வளராது என்பதால் அந்த இனத்தின் ஆண் குஞ்சுகளைப் பொரித்த அன்றே கொன்றுவிடுவார்கள். ஜெர்மனி 2022 ஜனவரி 1 முதல் இதைத் தடை செய்தது. இஸ்ரேலின் வோல்கானி வேளாண் ஆய்வு நிலையத்தார் வேறு வழியில் போனார்கள். தாய்க்கோழியின் மரபணுவைத் திருத்தி, ஆண் கரு முட்டைக்குள்ளேயே ஆரம்பத்தில் வளர்ச்சி நின்றுவிடும்படி செய்தார்கள். பொரிந்து வரும் பெண் குஞ்சில் அந்தத் திருத்தம் இருக்காது.

அடுத்த வகை, சதைக்காக மட்டும் செய்யப்படுவது. தசை வளர்ச்சிக்குக் கடிவாளம் போடும் மயோஸ்டாட்டின் மரபணுவை முடக்கினால் விலங்கு பயில்வான்போல் திரளும். இதில் விலங்குக்கு என்ன கிடைக்கிறது என்று தேடினால் பெரும்பாலும் கை வெறுமையாகத்தான் திரும்பும். இந்த வகைக் கோப்பை மற்றவற்றைவிட இரண்டு மடங்கு நேரம் எடுத்துப் படியுங்கள்.

2. சொன்ன இடத்தில் மட்டும்தான் வெட்டினார்களா?

கொம்பில்லா மாட்டுக் கதையை இங்கே சொல்லியாக வேண்டும். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் இயங்கும் நிறுவனம் ஒன்றின் முயற்சியில் 2015இல் இரண்டு காளைகள் பிறந்தன. வேறு மாட்டினத்தில் இயல்பாக இருக்கும் கொம்பில்லா மாற்றத்தை அப்படியே கொண்டுவந்து வைத்தோம், வேறு எதுவும் மாறவில்லை என்று 2016இல் கட்டுரை வந்தது. அதில் ஒரு காளையின் விந்தைக் கொண்டு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் கன்றுகளும் பிறந்தன. ஆறு கன்று, ஆறுக்கும் கொம்பில்லை. எல்லாரும் கைதட்டினார்கள்.

2019இல் எஃப்.டி.ஏ. விஞ்ஞானிகள் அந்தக் காளைகளின் மரபணுத் தரவை மறுபடி அலசினார்கள். திருத்தம் செய்யப் பயன்படுத்திய பாக்டீரியா டிஎன்ஏவும் உள்ளே ஒட்டிக்கொண்டு வந்திருந்தது, ஆன்டிபயாடிக் மருந்தை எதிர்க்கும் திறனைக் கிருமிகளுக்குத் தரும் மரபணுக்கள் உள்பட. கன்றுகள் ஆரோக்கியமாகத்தான் இருந்தன. பொய் சொன்னார்கள் என்றும் இல்லை. தேட வேண்டிய இடத்தில் அவர்கள் தேடவில்லை. செய்தவரே கொடுக்கும் சான்றிதழ் போதாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. ஆகவே கோப்பில் பார்க்க வேண்டியது: முழு மரபணுத் தொடர் வெளியிடப்பட்டிருக்கிறதா? வேறொருவர் சரிபார்த்தாரா?

இன்னொரு கணக்கும் கேளுங்கள். எத்தனை கரு வைத்தார்கள், எத்தனை வாடகைத் தாய்களில், எத்தனை சிதைந்தன, எத்தனை செத்துப் பிறந்தன? கடைசியில் சந்தைக்கு வரும் அழகான கன்றின் படத்தில் இவை எதுவும் இருப்பதில்லை.

3. எந்த நாட்டுச் சட்டம் எதைக் கேட்கிறது?

அமெரிக்காவில் விலங்கின் மரபணுவில் வேண்டுமென்றே செய்த மாற்றத்தை மருந்துச் சட்டத்தின்கீழ் வைத்துப் பார்க்கிறார்கள். கேட்க விசித்திரமாக இருக்கும். ஆனால் மருந்து என்றால் அது அந்த விலங்குக்கே பாதுகாப்பானதா என்று நிரூபித்தாக வேண்டும், அந்த வகையில் உபயோகமானதுதான். ஐரோப்பிய ஒன்றியத்தில், 2018 ஜூலையில் வந்த நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, திருத்திய உயிரிகளும் மரபணு மாற்றிய உயிரிகளுக்கான 2001ஆம் ஆண்டு விதிகளுக்குள் வருகின்றன. அங்கே பேசப்படும் தளர்வு பயிர்களுக்கு மட்டும். ஜப்பானில் சதைப்பற்று கூடிய மீன்கள் 2021இலேயே விற்பனைக்கு வந்துவிட்டன.

விலங்கு நலத்தைச் சட்ட வாசகத்துக்குள்ளேயே கொண்டுவந்தது இங்கிலாந்து. அதனால் புதிதாக வருபவர்கள் முதலில் படிக்க வேண்டியது 2023 மார்ச் 23 அன்று அரச ஒப்புதல் பெற்ற துல்லிய இனவிருத்திச் சட்டம். பாரம்பரிய இனவிருத்தியிலோ இயற்கையாகவோ வந்திருக்கக்கூடிய மாற்றமாக இருந்தால் அது 'துல்லிய இனவிருத்தி' என்ற கணக்கில் சேரும். மனிதனைத் தவிர்த்த முதுகெலும்புள்ள விலங்குகளுக்கு அதில் தனி வழி போட்டிருக்கிறார்கள். விண்ணப்பிப்பவர், இந்த மாற்றத்தால் விலங்கின் உடல்நலமும் நலவாழ்வும், அதன் சந்ததியினுடையதும், பாதிக்கப்படும் என்று தாம் எதிர்பார்க்கவில்லை என உறுதிமொழி தர வேண்டும். ஆதாரம் என்ன, ஆபத்துகள் எவை என்றும் சொல்ல வேண்டும். விலங்கு நல ஆலோசனைக் குழு அதைப் பார்த்து அறிக்கை கொடுக்கும். அமைச்சர் திருப்தியடைந்தால்தான் விற்க அனுமதி. விற்ற பிறகும் நலத் தகவல் கேட்கலாம், அனுமதியை நிறுத்தலாம், ரத்தும் செய்யலாம்.

இதெல்லாம் காகிதத்தில். பயிர்களுக்கான விதிகள் 2025 நவம்பர் 13 அன்று நடைமுறைக்கு வந்தபோது விலங்குகளுக்கான பகுதி தொடங்கப்படவில்லை.

இந்தச் சட்டத்தில் எனக்கு ஒரு நெருடல் உண்டு. 'பாதிக்கப்படாது' என்றால் எதோடு ஒப்பிட்டு? இன்றைய பிராய்லரோடு ஒப்பிட்டால் கிட்டத்தட்ட எந்தக் கோழியும் தேறிவிடும். ஏற்கனவே நொண்டுகிற ஒன்றைப் பக்கத்தில் நிறுத்தி, இது அதைவிட மோசமாக நொண்டவில்லை என்று காட்டுவது நலச் சான்று ஆகாது. எந்த நாட்டுக் கோப்பாக இருந்தாலும் ஒப்பீட்டுக்கு வைத்த விலங்கு எது என்ற வரியைத் தேடி அடிக்கோடு போடுங்கள். நான் பார்ப்பது முதலில் அதைத்தான்.

4. உடம்பைத் தலை முதல் கால் வரை பாருங்கள்

ஒரு மரபணு ஒரு வேலை மட்டும் செய்வதில்லை. மயோஸ்டாட்டினையே எடுத்துக்கொள்வோம்.

பெல்ஜியன் புளூ என்ற மாட்டினத்தில் அந்த மரபணுவின் 11 டிஎன்ஏ எழுத்துகள் இயற்கையாகவே விடுபட்டிருக்கின்றன. யாரும் கத்தரி வைக்கவில்லை, ஆனால் அந்தக் குறையைப் பிடித்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாகப் பெருக்கினார்கள். விளைவு, கன்று பெருத்துவிடுகிறது, தாயின் இடுப்பு வழி குறுகிவிடுகிறது. பெரும்பாலான கன்றுகளை வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்கிறார்கள். சினையானால் கத்தி என்று முன்கூட்டியே தீர்மானமான ஒரு மாடு.

2015இல் தென்கொரிய, சீன ஆய்வாளர்கள் இதே மரபணுவை முடக்கி 32 பன்றிக்குட்டிகளைப் பிறக்க வைத்தார்கள். எட்டு மாதத்தைத் தாண்டியவை 13. செய்தி வெளியான நேரத்தில் உயிரோடு இருந்தவை இரண்டு, அவற்றில் ஆரோக்கியமானது என்று சொல்ல முடிந்தது ஒன்று. அவை குளோனிங் முறையில் பிறந்தவை, அதனால் எல்லாப் பழியையும் மரபணுமேல் போட முடியாது. ஆனாலும் எண்ணிக்கை எண்ணிக்கைதான்.

சரி, அந்த மரபணு என்றாலே ஆபத்தா? அப்படியும் சொல்ல முடியாது. டெக்சல் என்ற செம்மறி இனத்தில் அதே மரபணுவின் வேறொரு மாற்றம் இருக்கிறது. அது புரதத்தை முழுதாக ஒழிப்பதில்லை, அளவைக் குறைக்கிறது. ஆகவே பெயரைப் பார்த்து முடிவு கட்டாமல் எந்த இடத்தில், எவ்வளவு என்று பார்க்க வேண்டும்.

கோப்பில் இவற்றுக்கு எண்கள் இருக்கின்றனவா என்று தேடுங்கள்: பிறக்கும்போது எடை, உதவியில்லாமல் ஈன்றவை எத்தனை, ஒரு வாரத்துக்குள் இறந்தவை, நடை, மூச்சு, வேறு நோய்களுக்கு எதிர்ப்பு, எத்தனை தலைமுறை பார்த்தார்கள். பசியையும் விட்டுவிடாதீர்கள், எல்லாரும் மறப்பது இதைத்தான். பிராய்லர் குஞ்சுக்குத் தாயாக இருக்கும் கோழிக்கும் அதே வேகமான உடம்புதான். அது பல மாதம் உயிரோடு இருந்து முட்டையிட வேண்டும். வேண்டிய அளவு தின்ன விட்டால் பெருத்து வீணாகிவிடும் என்பதால் அளந்துதான் போடுகிறார்கள், வாழ்நாளில் பெரும்பகுதி அது பசியோடு இருக்கிறது. நாம் சாப்பிடும் கோழியின் நலத்தை அளந்துவிட்டுத் தாய்க்கோழியை விட்டுவிட்டால் கணக்கு பாதிதான்.

5. கொட்டகைக்குள் நுழையுங்கள்

நோய் வராத பன்றி கிடைத்துவிட்டது. அடுத்து என்ன செய்வார்கள்? நோய் பயத்தில் விட்டிருந்த இடைவெளியைக் குறைக்கவும் வாய்ப்பு இருக்கிறது. இந்த இடத்தில்தான் நல்ல மாற்றமும் கெட்ட பண்ணைக்கு முட்டுக்கொடுத்துவிடும். கோப்பில் மரபணு பற்றி நூறு பக்கம் இருக்கும், ஒரு விலங்குக்கு எத்தனை சதுர அடி என்று ஒரு வரிகூட இருக்காது. அனுமதியோடு இடநெருக்கடிக்கு உச்சவரம்பையும் நிபந்தனையாகச் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம். கேட்டால் கிடைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை.

வைரஸும் சும்மா இருப்பதில்லை. எடின்பரோவின் ராஸ்லின் நிலையமும் லண்டன் இம்பீரியல் கல்லூரியும் சேர்ந்து பறவைக்காய்ச்சலைத் தாங்கும் கோழியை உருவாக்கி 2023 அக்டோபரில் முடிவை வெளியிட்டன. சாதாரண அளவு வைரஸ் கொடுத்தபோது பத்தில் ஒன்பது கோழிக்கு ஒன்றும் ஆகவில்லை. அளவை ஆயிரம் மடங்கு ஏற்றியபோது பாதிக் கோழிகளுக்குத் தொற்றியது. அதோடு, மாற்றிய புரதத்தை விட்டுவிட்டு அதே குடும்பத்தின் வேறு புரதங்களைப் பிடித்துக்கொண்டு பெருக வைரஸ் கற்றுக்கொண்டதும் தெரிந்தது. ஒரே ஒரு மரபணுவை நம்பி நெருக்கி அடைத்த கொட்டகையில் இதற்கு என்ன அர்த்தம் என்று விளக்கத் தேவையில்லை. ஆய்வாளர்கள் இதை மறைக்காமல் எழுதினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

6. கத்தரி படாத இனவிருத்தியையும் விடாதீர்கள்

கண்காணிப்பைக் கிறிஸ்பரோடு நிறுத்திக்கொண்டால் 1957 கோழியின் கதை கண்ணில் படாமல் போய்விடும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1998ஆம் ஆண்டுப் பண்ணை விலங்கு வழிகாட்டு விதிகளின் பிற்சேர்க்கையில் இரண்டு சிறு பத்திகள் இருக்கின்றன. துன்பம் தரும் இனவிருத்தி முறை கூடாது. உடல் தோற்றத்தையோ மரபுக் கட்டமைப்பையோ வைத்துப் பார்த்து, நலத்துக்குக் கேடில்லாமல் வளர்க்க முடியும் என்று நியாயமாக எதிர்பார்க்க முடிந்தால்தான் ஒரு விலங்கைப் பண்ணையில் வளர்க்கலாம். இங்கிலாந்தின் 2007ஆம் ஆண்டு விதிகளிலும் இதே வாசகம் உண்டு.

பல ஆண்டுகள் யாரும் கண்டுகொள்ளாத அந்தப் பத்தியைப் பிடித்துக்கொண்டு தி ஹியூமேன் லீக் என்ற விலங்கு நல அமைப்பு, வேகமாக வளரும் கறிக்கோழி விஷயத்தில் பிரிட்டன் அரசுமீது வழக்குப் போட்டது. 2024 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. ஆனால், மரபுக் கட்டமைப்பே கேடு தரும் என்று நியாயமாக எதிர்பார்க்க முடிகிற விலங்கை வளர்க்கக் கூடாது என்பதுதான் அந்த விதியின் பொருள் என்று நீதிபதிகள் தெளிவாக்கினார்கள். தோற்ற வழக்கிலும் கையில் ஏதோ மிஞ்சும்.

பொறுக்குவதிலேயே நல்லது செய்தவர்களும் இருக்கிறார்கள். நார்வேக்காரர்கள் தங்கள் சிவப்பு மாட்டுக்குக் காளை தேர்ந்தெடுக்கும்போது மடிநோய்க் கணக்கை 1978 முதலே சேர்த்துவருகிறார்கள். டென்மார்க்கில் ஒரு பன்றி எத்தனை குட்டி போட்டது என்று எண்ணுவதை 2004இல் மாற்றி, ஐந்தாம் நாள் எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று எண்ணத் தொடங்கினார்கள். சட்டம் போட வேண்டியிருக்கவில்லை, எண்ணும் நாளை மாற்றினால் போதுமாக இருந்தது. நம் ஊரில் சினை ஊசி போடும்போது எந்தக் காளையின் விந்து என்று கேட்பவர் குறைவு. சின்னக் கிடாரிக்குப் பெரிய இனத்துக் காளையின் ஊசி போட்டுவிட்டுக் கன்று சிக்கிக்கொண்டதும் டாக்டரைத் தேடி ஓடுவது இனவிருத்தித் தவறுதான், தலைவிதி என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

7. இந்தியாவில் எங்கே கேட்பது?

2022 மார்ச் 30 அன்று மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம், அயல் மரபணு சேராத திருத்தப் பயிர்களுக்கு 1989ஆம் ஆண்டு விதிகளின் சில பிரிவுகளிலிருந்து விலக்கு அளித்தது. அது பயிருக்கு மட்டும். விலங்குகள் இன்னும் அந்த விதிகளுக்குள்தான் இருக்கின்றன, ஜி.இ.ஏ.சி. எனப்படும் மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழுவும் அவற்றின்கீழ் இயங்குவதுதான். சுற்றுச்சூழலுக்கும் மனித உடல்நலத்துக்கும் ஆபத்து உண்டா என்பதே அங்கே பெரிய கேள்வி. இங்கிலாந்தில் கேட்பதுபோல் விலங்கின் நலம் பற்றித் தனி உறுதிமொழி எதுவும் கேட்பதில்லை. ஆய்வகத்துக்குள் நடக்கும் சோதனைக்கு 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த குழுவின் மேற்பார்வை உண்டு. ஆய்வகக் கதவைத் தாண்டிப் பண்ணைக்கு வந்தபின், இனவிருத்தியால் வரும் துன்பத்தை அந்தச் சட்டம் தனியாகப் பேசவில்லை.

ஆனால் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு இருக்கிறது, அதுவும் ஜல்லிக்கட்டுக் காளையின் கொம்பு. 2014 மே 7 அன்று ஜல்லிக்கட்டு பற்றிய நாகராஜா வழக்கில் உச்ச நீதிமன்றம், பசி தாகம், அச்சம், வலி ஆகியவற்றிலிருந்து விடுபட்டு இயல்பாக வாழும் ஐந்து சுதந்திரங்களை அந்தச் சட்டத்தின் 3, 11 பிரிவுகளோடு சேர்த்து வாசித்தது. 1965இல் பிரிட்டனில் பிராம்பெல் குழு பண்ணை விலங்குகளுக்காகப் போட்ட விதையில் முளைத்தவை அந்தச் சுதந்திரங்கள். 2023இல் அரசியல் சாசன அமர்வு தமிழ்நாட்டின் ஜல்லிக்கட்டுத் திருத்தத்தை ஏற்றது என்பதையும் மறைக்காமல் சொல்லித்தான் இதை மேற்கோள் காட்ட வேண்டும்.

இது எங்கோ நடக்கிற விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். காஷ்மீரின் ஷேர்-இ-காஷ்மீர் வேளாண் பல்கலைக்கழகம் இந்தியாவின் முதல் மரபணு திருத்திய ஆட்டுக்குட்டியை 2025 மே மாதம் அறிவித்தது. திருத்தியது மயோஸ்டாட்டின். தசை ஏறக்குறைய 30 சதவீதம் கூடும் என்றார்கள்.

வரைவு விதி அரசிதழில் வந்தால் கருத்துச் சொல்லப் பெரும்பாலும் 60 நாள் தருவார்கள். ஒரு பக்கத்துக்கு மேல் எழுதாதீர்கள். 'இயற்கைக்கு விரோதம்' என்று தொடங்கும் கடிதத்தை அதிகாரி அடுத்த வரிக்குப் போகாமலே ஓரம் வைத்துவிடுவார். எண் கேளுங்கள், நிபந்தனை கேளுங்கள், விற்பனைக்குப் பின் கண்காணிப்பு எத்தனை ஆண்டு என்று கேளுங்கள். அரசுப் பணத்தில் நடக்கும் ஆய்வாக இருந்தால் தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டி நேராகவே கேட்கலாம், பதில் தர 30 நாள் கெடு. கேள்வி இரண்டு போதும்: திருத்திய கருவிலிருந்து உயிரோடு பிறந்த குட்டிகள் எத்தனை? ஓராண்டுக்குப் பின் உதவியில்லாமல் நடப்பவை எத்தனை? அந்த இரண்டு எண்ணும் இல்லாமல் பதில் வந்தால், அது கைக்கு வந்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீட்டைப் போட்டுவிடுங்கள்.